மூர்: யார் வைத்த பெயர்?

ஆங்கில அகராதியில் ‘மூர்’ என்ற சொல்லைத் தேடுபவர் ஒரே எழுத்துக்கூட்டலில் மூன்று சொற்களைக் காண்பார். ஒன்று, புதர் மண்டிக் கிடக்கும், பயிருக்கு உதவாத தரிசு நிலம். மற்றொன்று, படகைக் கயிறுகொண்டு கரையில் கட்டுதல். இவ்விரண்டும் ஆங்கிலேயரின் பழைய வீட்டுச் சொற்கள். மூன்றாவது சொல் பெரிய எழுத்தில் தொடங்குவது. வடமேற்கு ஆபிரிக்காவைச் சேர்ந்த முஸ்லிம், எட்டாம் நூற்றாண்டில் ஸ்பெயினுக்குள் புகுந்த அரபு, பேர்பர் மக்களில் ஒருவன் என்று அதற்குப் பொருள் சொல்லப்பட்டிருக்கும். ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ வெனிஸ் நகரத்து மூர் என்று அழைக்கப்படுவது இந்தப் பொருளில்தான்.

கொழும்பிலே பிறந்து, கொழும்பிலே தமிழ் பேசி வாழ்ந்து, கொழும்பிலேயே மையவாடிக்குப் போகும் ஒரு மனிதனுக்கும் இந்த மூன்றாவது சொல்தான் அரசாங்கப் பெயர். பிறப்புச் சான்றிதழில் பெற்றோரின் இனம் என்ற இடத்தில் ‘இலங்கைச் சோனகர்’ என்று தமிழில் எழுதப்படுவது, ஆங்கில மொழிபெயர்ப்பில் ‘ஸ்ரீலங்கா மூர்’ ஆகிவிடுகிறது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி நாட்டின் சனத்தொகையில் 9.3 சதவீதமானோர் இந்தப் பெயருக்குரியவர்கள். இஸ்லாத்தைப் பின்பற்றுவோர் 9.7 சதவீதம். மலாயர் முதலானோர் அந்தச் சிறு இடைவெளிக்குள் அடங்குவர்.

பெயரை மாற்றித் தாருங்கள் என்று அரசாங்கத்திடம் கேட்பதற்காக இதை நான் எழுதவில்லை. இந்தப் பெயரைச் சாட்சிக்கு அழைத்து இருதரப்பார் இருவகைப் பொய்களைச் சொல்லிவருகின்றனர். அவற்றைப் பற்றியே எனது பேச்சு.

அண்மையில் வெள்ளவத்தையில் ஒரு நூல் வெளியீடு முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். தமிழ் அன்பர் ஒருவர் என் தோளில் கைபோட்டு, “நீங்களும் தமிழர்தானே நானா, மதம் மட்டும்தானே வேற. ராமநாதன் அப்பவே சொல்லிப்போட்டார்” என்றார். அன்பாகவே சொன்னார். அதே மாதம் கொட்டாஞ்சேனையில் ஒரு வலீமா விருந்து. ஒரே சஹனைச் சுற்றியிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உறவினரான ஒரு பெரியவர், “நாங்க மூர்ஸ் மகன், அரபி வம்சம். தமிழ் யாவாரத்துக்குப் புடிச்ச பாசை. புள்ளைகள சிங்களத்திலயோ இங்கிலீசிலயோ போட்டுடுங்க” என்றார். அதையும் அவர் தமிழிலேதான் சொன்னார்.

வெள்ளவத்தை அன்பர் எமது மொழியைக் கொண்டு எமது இனத்தைத் தீர்மானிக்கிறார். கொட்டாஞ்சேனைப் பெரியவர் ஓர் இனப்பெயரைக் கொண்டு எமது மொழியை மறுக்கிறார். இருவரும் 1888ஆம் ஆண்டு தொடங்கிய ஒரே வழக்கைத்தான் இன்னும் பேசிக்கொண்டிருக்கின்றனர். அந்த வழக்கில் ‘மூர்’ என்ற சொல்லைக் கூண்டிலேற்றிக் குறுக்கு விசாரணை செய்தால், அது இருவருக்குமே உதவாத சாட்சி என்பது தெரியவரும்.

சொல் வந்த வழி

இன்றைய மொரோக்கோவும் அல்ஜீரியாவின் ஒரு பகுதியும் அடங்கிய நிலத்தை உரோமர் மௌரெத்தானியா என்றனர். அங்கு வாழ்ந்தவர்களை மௌரிகள் என்றனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முந்திய பெயர் இது. அந்த மௌரிகள் அரபிகள் அல்லர். பேர்பர் இனத்தின் மூதாதையர். 711ஆம் ஆண்டு தாரிக் இப்னு ஸியாத் நீரிணையைக் கடந்து ஸ்பெயினுக்குள் நுழைந்தபோது அவருடன் சென்ற படையினரில் பெரும்பாலோர் பேர்பர்களே. ஸ்பானியர் அவர்களை மோரோ என்றும் போர்த்துக்கேயர் மௌரோ என்றும் அழைத்தனர். அடுத்து வந்த நூற்றாண்டுகளில் அந்தச் சொல் ஊரையும் குலத்தையும் கைவிட்டு மதத்தைக் குறிக்கலாயிற்று. 1492இல் கிரனடா வீழ்ந்தபோது ‘மோரோ’ என்றால் ஸ்பானியனுக்கு முஸ்லிம் என்று பொருள். அதாவது பகைவன் என்று பொருள்.

கிரனடா வீழ்ந்து 6 ஆண்டுகளில், 1498இல், வஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையில் இறங்கினார். ஐபீரியாவில் பழகிய அந்தச் சொல்லைப் போர்த்துக்கேயர் கையோடு கொண்டுவந்தனர். மலபாரில் தாம் கண்ட முஸ்லிம்களை ‘மண்ணின் மூர்கள்’ என்றும் ‘மக்காவின் மூர்கள்’ என்றும் பிரித்துக் குறித்தனர். இங்கேயே பிறந்தவர் யார், கடல் கடந்து வந்தவர் யார் என்ற வித்தியாசம் அவர்களுக்கே தெரிந்திருந்தது. ஆனாலும் இருவருக்கும் பெயர் ஒன்றுதான். 1505இல் லொரன்சோ த அல்மேதாவின் கப்பல்கள் இலங்கைக் கரையை அடைந்தன. அன்று கொழும்பில் வணிகம் செய்துகொண்டிருந்த முஸ்லிம்களும் மௌரோக்கள் ஆயினர்.

அதே பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் பிலிப்பைன்ஸ் தீவுகளுக்குச் சென்றனர். மிந்தனாவோவிலும் சூலுவிலும் கண்ட முஸ்லிம்களுக்கு மோரோ என்றே பெயரிட்டனர். வட இந்தியாவுக்குப் போன ஆங்கிலேயர் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். பதினெட்டாம் நூற்றாண்டில் இந்துஸ்தானி மொழிக்கே ‘மூர்ஸ்’ என்று பெயர் வழங்கினர். 1772இல் ஜோர்ஜ் ஹட்லி என்பவர் அம்மொழிக்கு எழுதிய இலக்கணத்தின் தலைப்பிலேயே அந்தப் பெயர் இருக்கிறது.

மொரோக்கோவில் பேர்பர், மலபாரில் மாப்பிள்ளை, சூலுவில் தௌசுக், டில்லியில் உருது பேசுபவர், கொழும்பில் நாம். இத்தனை பேருக்கும் பொதுவாக ஓடும் இரத்தம் எது? இருப்பது ஒரு கலிமாவும், அந்தக் கலிமாவை வெறுத்த ஒரு மாலுமியின் வாய்ச்சொல்லும்தான். ‘மூர்’ என்ற சொல்லை வைத்து வம்சாவளி எழுத முடியாது என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் வேண்டியதில்லை.

போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டனர். அவர்கள் எம்மை அந்நியர் என வகுத்து, செட்டிகளிடம் போலவே எம்மிடமும் ‘ஊழியம்’ என்ற கட்டாய வேலையைப் பெற்றனர். பிறகு ஆங்கிலேயர் வந்தனர். அலெக்சாண்டர் ஜோன்ஸ்டனின் முயற்சியால் 1806இல் தொகுக்கப்பட்ட முஹம்மதியச் சட்டக் கோவை, கொழும்பு மாகாணத்து மூர்கள் கைக்கொள்ளும் சட்டம் என்றே சொல்லப்பட்டது. 1911இல் குடிசன மதிப்பு எடுத்தவர்கள் ‘இலங்கை மூர்’, ‘இந்திய மூர்’ என்று இரு நிரல்களைக் கீறினர். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இருந்து தந்தை முந்தி வந்த குடும்பம் ஒரு நிரலிலும், பிந்தி வந்த குடும்பம் மறு நிரலிலும் விழுந்தன. அவர்கள் ஒரே பள்ளியில் தொழுதவர்கள், ஒருவர் வீட்டில் மற்றவர் பெண் எடுத்தவர்கள். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது, முந்தி வந்தவர் யார் பிந்தி வந்தவர் யார் என்ற அந்தக் கணக்கு பலரை நாடற்றவர்களாக்கியது.

ஆங்கிலத்தில் நடந்த வழக்கு

1888இல் பொன்னம்பலம் ராமநாதன் றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். சோனகர் பேசுவது தமிழ், அவர்களுடைய வழக்கங்களிலும் தோற்றத்திலும் தமிழ்ச் சாயல் உண்டு, ஆகவே அவர்கள் மதம் மாறிய தமிழரே என்பது அவர் கூற்று. அன்று அவர் சட்டநிரூபண சபையில் தமிழரின் பிரதிநிதி. சோனகருக்குத் தனி ஆசனம் வேண்டும் என்ற பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த காலம் அது. தனி இனம் இல்லையென்றால் தனி ஆசனம் எதற்கு என்ற கேள்வி அக்கட்டுரையின் அடியிலே ஓடுவதை எவரும் உணரலாம். அடுத்த ஆண்டே எம்.ஸீ. அப்துல் றஹ்மான் அந்த ஆசனத்தில் நியமிக்கப்பட்டார்.

ராமநாதனுக்கு மறுப்பு நூலாக வெளிவந்தது 1907இல். எழுதியவர் சோனகர் சங்கத்தின் தலைவரான ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ். மொழி ஒன்றாக இருப்பதால் மட்டும் இனம் ஒன்றாகிவிடாது என்பது அவருடைய அடிப்படை வாதம். அதில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. ஜமெய்க்காத் தீவுக் கறுப்பின மக்கள் ஆங்கிலம் பேசுவதால் ஆங்கிலேயராகிவிடவில்லை. வெள்ளவத்தை அன்பருக்கு நான் தரும் பதிலும் இதுவே. ஒரு சமூகம் தன்னை எப்படிக் கருதிக்கொள்கிறது, எவ்வாறு வாழ்கிறது, எந்த நினைவுகளைச் சுமக்கிறது என்பவை அந்தச் சமூகமே சொல்லவேண்டியவை. பக்கத்து வீட்டார் எழுதித் தரும் சான்றிதழ் எமக்கு வேண்டியதில்லை. 1915இல் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிகளும் எரிந்தபோது, ராமநாதன் எரித்தவர்களின் பக்கம் நின்று வாதாடினார் என்ற மனத்தாங்கல் எம்மவரிடையே இன்றும் உண்டு. அவர் எதிர்த்தது இராணுவச் சட்டத்தின் கொடுமையை என்பது உண்மையே. ஆனால் எம்மைத் தன் இனம் என்று சொன்னவர், எமக்கு நேர்ந்ததைத் தன் இனத்துக்கு நேர்ந்ததாகக் கருதவில்லை என்பதும் உண்மையே.

அஸீஸின் வாதத்தைத் தூக்கிப் பிடித்தவர்களிற் பலர் பாதி வழியில் நின்றுவிட்டனர். மொழியைக் கொண்டு இரத்தத்தைத் தீர்மானிக்க முடியாதென்றால், இரத்தத்தைக் கொண்டு மொழியை மறுக்கவும் முடியாது. இந்த மறுபாதி அவர்களுக்கு வசதியாக மறந்துபோயிற்று. அரபு வணிகர் இந்தக் கரைக்கு வந்தனர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கப்பலில் வந்தவர்கள் ஆண்கள். அவர்கள் நிக்காஹ் செய்த பெண்கள் இந்தத் தீவையும் எதிரே உள்ள தமிழ்க் கரையையும் சேர்ந்தவர்கள். பிள்ளைக்குத் தாலாட்டும் பேச்சும் தந்தவர்கள் அந்தப் பெண்களே. வம்சாவளி என்று மார்தட்டும்போது வாப்பாக்களை மட்டும் எண்ணி, உம்மாக்களைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது என்ன நியாயம்? ‘யாவாரத்துக்குப் புடிச்ச பாசை’ என்று பெரியவர் சொன்னது அவருடைய பாட்டியின் மொழியை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ராமநாதன் ஆங்கிலத்தில் வாதிட்டார். அஸீஸ் ஆங்கிலத்தில் மறுத்தார். ஆசனம் தருபவன் ஆங்கிலேயன் என்பதால் வழக்கும் அவன் மொழியிலேயே, அவன் கொடுத்த பெயரிலேயே நடந்தது. அந்தக் காலத்தில் தமிழில் எம்மவர் என்ன செய்துகொண்டிருந்தனர்? அறிஞர் சித்திலெவ்வை 1882இலேயே ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கிவிட்டார். 1885இல் ‘அசன்பேயுடைய கதை’யை எழுதி வெளியிட்டார். இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று அது போற்றப்படுகிறது. எகிப்தில் பிறந்த ஒருவனை நாயகனாக்கித் தமிழிலே கதை சொல்ல அவருக்கு எந்தக் கூச்சமும் இருக்கவில்லை. அரபுலகத்தின் மீது பற்றுவைப்பதற்குத் தமிழைக் கைகழுவ வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை.

தெருப்பலகையில் உள்ள பெயர்கள்

கொட்டாஞ்சேனையிலிருந்து மருதானைப் பக்கம் போகும் வழியில், கொழும்பு 12இல், ஒரு தெரு இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஓல்ட் மூர் ஸ்ட்ரீட்’. சிங்களத்தில் ‘பரண யொன் வீதிய’. தமிழில் ‘பழைய சோனகத் தெரு’. ஒரே தெருவுக்கு இந்தப் பெயர்கள். ஆனால் எந்தப் பெயரும் மற்றொன்றின் மொழிபெயர்ப்பென்று சொல்லக்கூடியதல்ல.

சிங்கள ‘யொன்’னும் தமிழ்ச் ‘சோனக’மும் ஒரு வேரிலிருந்து வந்தவை. ஆசியா மைனரின் கரையில் அயோனியா என்ற கிரேக்கப் பகுதி இருந்தது. பாரசீகர் கிரேக்கரை யௌன என்றனர். அது வடமொழியில் யவனம் ஆயிற்று, பாளியில் யோன ஆயிற்று. தமிழில் யவனர் என்றும், யோனகர் என்றும், பிறகு சோனகர் என்றும் வழங்கிற்று. கடல்வழி மேற்கிலிருந்து வந்த கிரேக்கர், உரோமர், அரபிகள் எல்லோருக்கும் ஒருவர் பின் ஒருவராக அந்தப் பெயர் பொருந்திற்று. சோழர் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டொன்றில் சோனகன் சாவூர் என்ற பெயர் காணப்படுகிறது.

பண்டுகாபய மன்னன் அநுராதபுரத்தில் யோனருக்கு ஒரு பகுதியை ஒதுக்கிக் கொடுத்தான் என்று மகாவம்சம் கூறுகிறது. இதைக் காட்டி, அன்றே நாம் இங்கிருந்தோம் என்று மேடையில் முழங்குவோர் எம்மிடையே உளர். மரபுக் கணக்குப்படி அந்த மன்னன் இஸ்லாம் தோன்றுவதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தியவன். கிரேக்கனுக்கு ஒதுக்கிய வளவுக்கு எமது பெயரில் உறுதி எழுதினால் எந்த வரலாற்று மாணவனும் சிரிப்பான். இந்த மண்ணில் எமக்குள்ள உரிமை இத்தகைய சான்றுகளை நம்பி நிற்கவில்லை.

ஆக, ‘சோனகர்’ என்ற பெயரும் மற்றவர் இட்டதே. அப்படியானால் அதற்கும் ‘மூர்’ என்பதற்கும் என்ன வேறுபாடு? சோனகர் என்பது எம்மோடு கொடுக்கல் வாங்கல் செய்த அயலவர், எமக்கும் அவர்களுக்கும் பொதுவான மொழியில், நூற்றாண்டுகளாக வழங்கிய பெயர். நாமும் அதை எமது வாயால் சொல்லி, எமது தெருக்களுக்குச் சூட்டி, எமது ஆக்கிக்கொண்டோம். மூர் என்பது பீரங்கியோடு வந்தவன் சூட்டிய பெயர்.

சிங்கள மக்கள் எம்மை ‘மரக்கல’ என்பர். மரக்கலம் தமிழ்ச் சொல். இகழ்ச்சியாகச் சொல்ல நினைப்பவர் ‘தம்பியா’ என்பர். தம்பியும் தமிழ்ச் சொல். எம்மை வாழ்த்தினாலும் வைதாலும் அந்தச் சொற்களில் தமிழ் ஒட்டிக்கொண்டே வருகிறது. ஊர் முழுக்கத் தெரிந்த இந்த உறவை எம்மவர் சிலர் மட்டும் மறைக்கப் பார்க்கின்றனர்.

அந்தலூஸ் தரும் பாடம்

மூர் என்ற பெயரை அந்தலூஸின் பெருமையோடு சேர்த்துப் பேசுவோருக்கு ஒரு செய்தி. கிரனடா வீழ்ந்தபின் ஸ்பெயினில் எஞ்சிய முஸ்லிம்கள் கட்டாயமாக மதம் மாற்றப்பட்டனர். மொரிஸ்கோ என்பது அவர்களுக்கு இடப்பட்ட பெயர். ‘சின்ன மூர்’ என்று சொல்லலாம். 1567இல் இரண்டாம் பிலிப் மன்னன் அரபு மொழியையும் அரபுப் பெயர்களையும் தடைசெய்தான். அரகன், கஸ்தீலியப் பகுதிகளில் வாழ்ந்தவர்கள் அதற்கு முன்பே அயலாரின் ஸ்பானிய மொழியைத் தம் வீட்டு மொழியாகக் கொண்டிருந்தனர். அவர்கள் அந்த ஸ்பானிய மொழியை அரபு எழுத்தில் எழுதி, மார்க்க நூல்களையும் நபிமார் வரலாறுகளையும் இரகசியமாகக் காப்பாற்றினர். அவ்வெழுத்து முறைக்கு அல்ஹமியாதோ என்று பெயர். அரபியல்லாத மொழி என்று பொருள்படும் ‘அஜமிய்யா’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது அது. 1884இல் அரகன் பகுதியிலுள்ள அல்மொனாசித் என்ற ஊரில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது, ஒளித்துவைத்த இத்தகைய கையெழுத்துப் பிரதிகள் கட்டுக்கட்டாகக் கிடைத்தன.

இதைப் படிக்கும்போது எமது அரபுத்தமிழ் நினைவுக்கு வராமலிருக்க முடியுமா? கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்றவர்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதினர். மார்க்கச் சட்டங்களும் மாலைகளும் முனாஜாத்துகளும் அவ்வெழுத்தில் இலங்கையின் வீடுகளில் ஓதப்பட்டன. எழுத்துப் படியாத பெண்கள் என்று மற்றவர்கள் எண்ணிய எமது பாட்டிமார் அந்த எழுத்தை வாசித்தனர். ஸ்பெயினின் மூர்களுக்கும் எமக்கும் ஏதாவது ஒற்றுமை உண்டென்றால் அது இதுதான். அவர்களும் தாம் பிறந்த ஊரின் மொழியிலேயே அல்லாஹ்வை அழைத்தனர். மூர் என்ற பெயரைச் சொல்லி ஊர்மொழியைக் கைவிடச் சொல்பவர்கள், அசல் மூர்களின் வரலாற்றை ஒருமுறையாவது படிக்கவேண்டும்.

1990ஐ மறப்பதா?

எமது தரப்பில் எழும் மிகக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. அதைத் தட்டிக்கழிப்பது நேர்மையாகாது. “தமிழ் தமிழ் என்கிறாயே, அந்தத் தமிழ் எம்மைக் காப்பாற்றியதா? 1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளியில் தொழுகையிலிருந்தவர்களைச் சுட்டவர்கள் என்ன மொழி பேசினர்? அதே ஆண்டு ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவைக் காலிசெய்ய இரண்டு மணி நேரம் கொடுத்தவர்கள் எந்த மொழியில் கட்டளையிட்டனர்?” என்று கேட்பார்கள். வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்டோர் விரட்டப்பட்டனர். அகதியாகப் புத்தளம் வந்த ஒரு தாயின் முன் நின்று தமிழின் இனிமையைப் பேச எனக்கும் நா எழாது.

ஆனாலும் இதற்கு ஒரு பதில் உண்டு. யாழ்ப்பாணத்தில் அசனாலெவ்வைப் புலவர் பாடிய தமிழ், துப்பாக்கி வைத்திருந்தவனின் சொத்தல்ல. அவன் வீட்டைப் பறித்தான், கடையைப் பறித்தான், நகையைப் பறித்தான். மொழியையும் அவனிடமே விட்டுவந்தால் அவன் பறிக்காததையும் நாமாகக் கொடுத்ததாகும். தமிழ் பேசியது எம்மைக் காப்பாற்றவில்லை என்பது சரி. ‘மூர்’ என்ற பெயர் காப்பாற்றியதா? 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தை சேர் றாஸிக் பரீத் ஆதரித்தார். சிங்களம் கற்றால் பாதுகாப்பு என்ற நம்பிக்கை அன்று பலருக்கு இருந்தது. 2014இல் அளுத்கமயிலும் 2018இல் திகனையிலும் தீயில் எரிந்த வீடுகளில் சிங்களம் சரளமாகப் பேசியவர்கள் வாழ்ந்தனர். 2020இல் கொவிட் காலத்தில் எமது ஜனாஸாக்களைப் பலாத்காரமாக எரித்தவர்கள், இவர் மூரா மலாயரா என்று பத்திரத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை. ஸ்பெயினிலும் இதுவே நடந்தது. ஸ்பானிய மொழியே பேசிய மொரிஸ்கோக்களையும் 1609 தொடங்கி 1614 வரை கப்பலேற்றி அனுப்பினர். அவர்கள் தொகை ஏறத்தாழ 3 இலட்சம். பாதுகாப்பு மொழியாலும் வருவதில்லை, இனப்பெயராலும் வருவதில்லை. சட்டத்தாலும் அரசியல் பலத்தாலும் அயலாரின் மனச்சாட்சியாலும் வரவேண்டியது அது. பாதுகாப்புக்காக மொழியை விற்பவன் மொழியை இழப்பான், பாதுகாப்பும் கிடைக்காது.

பிலிப்பைன்ஸ் முஸ்லிம்கள் ‘மோரோ’ என்ற வசைச்சொல்லையே பெருமைப் பெயராக்கி, 2019இல் பங்சாமோரோ என்ற தன்னாட்சிப் பிரதேசத்துக்கும் அதைச் சூட்டவில்லையா என்று சிலர் கேட்கலாம். சூட்டினர். ஆனால் மோரோ ஆனதற்காகத் தௌசுக் பேசுபவன் தௌசுக்கை விடவில்லை, மரானாவோ பேசுபவன் மரானாவோவை விடவில்லை. பெயர் அவர்களை ஒன்றுசேர்த்தது. இங்கே அது மொழியை விட்டு ஓடுவதற்கான வாசலாகப் பயன்படுகிறது.

செய்யவேண்டியது

கொழும்பிலே எமது பிள்ளைகளில் ஒரு பெரும் பகுதியினர் இன்று சிங்கள மொழிமூலமும் ஆங்கில மொழிமூலமும் கற்கின்றனர். சிங்களம் கற்கவேண்டாம் என்று சொல்பவன் மடையன். அயலாரின் மொழி தெரியாமல் ஒரு சிறுபான்மை வாழ முடியாது. ஆனால் வீட்டிலே தமிழ் பேசும் பிள்ளை தமிழில் ஒரு பக்கத்தை வாசிக்கத் தெரியாமல் வளர்கிறது. அதற்குக் காரணம் கேட்டால், ‘நாங்க மூர்ஸ்தானே’ என்கிறோம். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். வசதிக்காகச் செய்ததை வம்சத்தின் மேல் போடுகிறோம்.

எமது மார்க்க வாழ்வின் சொற்களைப் பாருங்கள். தொழுகை, நோன்பு, பெருநாள், பள்ளிவாசல். இவை எமது முன்னோர் தேர்ந்தெடுத்த தமிழ்ச் சொற்கள். அரபுச் சொற்களை அறியாமல் அவர்கள் இவற்றை எடுக்கவில்லை. ஈமானைச் சொல்லத் தமிழ் போதும் என்ற துணிவோடு எடுத்தார்கள். இன்று பள்ளி அறிவித்தல்களில் இச்சொற்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுகின்றன. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தைப் படிக்க முடியாத தலைமுறைக்கு அதைப் பற்றிய மாநாடுகள் மட்டும் மிஞ்சும்.

ஏ.எம்.ஏ. அஸீஸ் சாஹிராவின் அதிபராகவும் செனட்டராகவும் இருந்தவர், ஆங்கிலத்தில் எவருக்கும் இளைக்காதவர். ‘இலங்கையில் இஸ்லாம்’ என்ற நூலை அவர் தமிழிலேதான் தந்தார். பேராசிரியர் ம.மு. உவைஸ் தம் வாழ்நாள் முழுவதையும் இஸ்லாமியத் தமிழிலக்கியத்தைத் தேடித் தொகுப்பதில் செலவிட்டார். இவர்கள் எவரும் தமிழினத்தவர் என்று பெயர் பதியவில்லை. தமிழ் எமது மொழி என்று சொல்வதற்கு அப்படிப் பதியவேண்டிய தேவையும் அவர்களுக்கு இருக்கவில்லை.

எனவே இந்தச் சஞ்சிகையில் எழுதுவோரிடமும் வாசிப்போரிடமும் நான் கேட்பது சிறிது. ஆங்கிலப் படிவத்தில் ‘மூர்’ இருக்கட்டும். அது சட்டத்துக்குரிய ஒரு விலாசம். அதைக் கிளறினால் இன்று நட்டமே அதிகம். தமிழில் எழுதும்போது ‘மூர்கள்’ என்று எழுதாதீர்கள். சோனகர் என்று எழுதுங்கள், முஸ்லிம்கள் என்று எழுதுங்கள். மேடையில் ‘இஸ்லாமியத் தமிழர்’ என்று எம்மை அழைப்பவரிடம், அன்புக்கு நன்றி, பெயரை நாமே சொல்லிக்கொள்கிறோம் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். எமது பிள்ளை எந்த மொழிமூலத்தில் படித்தாலும் தமிழில் எழுத வாசிக்கக் கற்றுக்கொடுங்கள். அதற்குச் சங்கமும் வேண்டாம், அமைச்சும் வேண்டாம். மஃரிபுக்குப் பிறகு அரை மணி நேரம் போதும்.

மாலுமி வைத்த பெயர் பத்திரத்தில் கிடக்கட்டும். உம்மா தந்த மொழியைப் பத்திரத்தில் எவரும் பதிந்து தரமாட்டார்கள். அதைப் பிள்ளையின் நாவில் நாம்தான் பதியவேண்டும்.